பைரனின் 'கோர்சேர்': ஈரடிப் பாட்டைத் தமிழில் எந்தப் பாவில் இறக்குவது?

மரக்கலம்:
ஆங்கிலக் கவிஞர் பைரனின் 'தி கோர்சேர்' (கடற்கொள்ளையன்) முழுவதையும் தமிழில் கொண்டுவரும் வேலை இது. மூன்று காண்டம், ஏறத்தாழ 1860 வரி, அதாவது 930 ஈரடிகள். கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கம். கிரேக்கக் கடலில் ஒரு தீவு, கொள்ளையர் தலைவன் கான்ராட். கோபுரத்தில் அவனுக்காகக் காத்திருப்பவள் மெடோரா. துருக்கிய பாஷா (ஆளுநன்) தீவைத் தாக்கப்போகிறான் என்று ஒற்றன் வழியாகத் தெரியவர, கான்ராட் முந்திக்கொண்டு அவன் துறைமுகத்துக்கே போகிறான். தர்வேஷ் (இஸ்லாமியத் துறவி) வேடத்தில் விருந்து மண்டபத்தில் நுழைகிறான். கப்பல்கள் எரிகின்றன, தீ அந்தப்புரத்துக்குத் தாவுகிறது. பெண்களின் அலறல் கேட்டு அவர்களைக் காப்பாற்றத் திரும்புகிறான். அந்தத் தாமதத்தில்தான் பிடிபடுகிறான். அவன் தூக்கிவந்து காத்த குல்னார், பாஷாவைக் கொன்று அவனை விடுவிக்கிறாள். தீவுக்குத் திரும்பினால் மெடோரா செத்துக்கிடக்கிறாள். கான்ராட் காணாமல் போகிறான்.

மூன்று கேள்வி. ஒன்று, உரைநடையா செய்யுளா? இரண்டு, செய்யுள் என்றால் எந்தப் பா? மூன்று, எங்கெங்கே சறுக்கும்?

தளைதட்டி:
மூலத்தின் யாப்பை முதலில் பாருங்கள். வரிக்குப் பத்து அசை, அழுத்தம் விழுவது ஐந்து, இரண்டிரண்டு வரியாகக் கடைசியில் இயைபு. கவிஞர் அலெக்சாண்டர் போப் கையில் கூர் தீட்டப்பட்ட வடிவம் இது. பைரன் இதற்கு முன் 1813-இல் எழுதிய 'ஜாவூர்', 'அபிடாஸ் மணமகள்' இரண்டும் பெரும்பாலும் எட்டசை வரியில் ஓடுபவை. கோர்சேரில் வேண்டுமென்றே மாற்றினார். தாமஸ் மூருக்கு எழுதிய முகப்புரையில், 'நல்ல பழைய, இன்று யாரும் சீந்தாத' ஈரடி என்று இதைச் சொல்லியும் இருக்கிறார்.

நம்மிடம் இதற்கு நேர் ஜோடி உண்டு. உலாவிலும் தூதிலும் வருகிற கலிவெண்பாக் கண்ணி. இரண்டு அடி, அடிக்கு நாலு சீர், இரண்டாம் அடியின் நாலாம் சீர் தனிச்சொல், முழுக்க வெண்டளை, அதாவது மாச்சீருக்குப் பின் நிரை, விளத்துக்கும் காய்க்கும் பின் நேர். இயைபு செய்யும் வேலையை இங்கே எதுகை செய்யும். வரிக்கடைசியில் ஒலிக்கவேண்டியது வரித்தலையில் ஒலிக்கும், அவ்வளவுதான் வேறுபாடு. கடைசி இயைபுக்காகத் தமிழில் மல்லுக்கட்டினால் 'வந்தான், சென்றான், நின்றான்' என்று வினைமுற்றுகள் வரிசை கட்டி நிற்கும். 930 ஈரடிக்கு அதை யாரால் கேட்க முடியும்?

கூர்நுனி:
குறள் வெண்பா ஏன் கூடாது? அதுவும் ஈரடிதானே.

தளைதட்டி:
கூடாது என்பதைச் செய்தே காட்டுகிறேன். கொள்ளையர் பாட்டின் தொடக்கம்:

நீலக் கடல்மேல் நினைவும் கரையில்லை
கோலுக் கடங்காக் குணம்.

தளை சரி. நீல, கோலு என்பது வருக்க எதுகை. பொழிப்பு மோனையும் விழுந்திருக்கிறது. ஆனால் படித்ததும் என்ன ஆகிறது? வாசல் சாத்திக்கொள்கிறது. 'குணம்' என்று முடிந்ததும் காது அடுத்த குறளுக்குப் பொருட்பால் அதிகாரத் தலைப்பைத் தேடும். நீதி சொல்லப் பழகிய வடிவம் அது, கதை சொல்ல நகராது. அதே அடிகளைக் கண்ணியாக்கினால்:

நீலக் கடல்மேல் நினைவும் கரையில்லை
கோலுக் கடங்காக் குணமுடையோம் - ஞாலத்தில்
காற்றுப்போம் தூரம் கடல்நுரைக்கும் தூரமெலாம்
ஏற்றநம் நாடாம் இதுவீடாம் - மாற்றார்க்கு

'மாற்றார்க்கு' என்றதும் என்ன என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா? நம் கொடியே செங்கோல் என்று அடுத்த கண்ணியில் வரும். தனிச்சொல் ஒரு கொக்கி, கண்ணியைக் கண்ணியோடு மாட்டிவிடும். பைரனுடைய ஈரடியும் போப்பினுடையதைப்போல ஒவ்வொன்றாக மூடிக்கொள்வதில்லை, பல இடத்தில் வழிந்து அடுத்ததில் இறங்கும். அதற்கு இந்தக் கொக்கி பொருந்தும்.

('ஞாலத்தில்' வெறும் அடைப்புதான், ஒத்துக்கொள்கிறேன். தனிச்சொல்லின் சாபக்கேடு அது. பத்துக் கண்ணிக்கு ஒன்று இப்படி விழுந்தால் மன்னிக்கலாம், மூன்று விழுந்தால் கிழித்துவிட்டுத் திரும்ப எழுதவேண்டும்.)

மரக்கலம்:
பெயர்களை எப்படி உட்காரவைப்பது? முதல் நாலு பக்கத்திலேயே தளை தட்டுகிறது.

தளைதட்டி:
தட்டத்தான் செய்யும். அலகிட்டுப் பாருங்கள்.

கான்ராட், குல்னார் இரண்டும் தேமா. நேரசையில் தொடங்குவதால் விளச்சீருக்கோ காய்ச்சீருக்கோ பின்னால்தான் வரலாம். மெடோரா புளிமா. நிரையில் தொடங்குகிறது, ஆகவே மாச்சீருக்குப் பின்னால் மட்டும். 'கூடவே மெடோரா' என்று எழுதினால் விளம் முன் நிரை, தளை போச்சு. 'காத்த மெடோரா' என்றால் சரி. வேற்றுமை ஏறினால் பின்னால் வருவது மாறும். 'மெடோராவின்' புளிமாங்காய், அடுத்த சீர் நேரில் தொடங்கவேண்டும். இந்த நாலைந்து வாய்பாட்டை ஒரு தாளில் எழுதி மேசையில் ஒட்டிவையுங்கள், பாதி வேலை முடிந்தது.

இன்னொரு பெரிய பள்ளம், தலைப்புச் சொல்லே. 'கடற்கொள்ளையர்' புளிமாங்கனி. வெண்பாவில் கனிச்சீர் நுழையவே முடியாது. பிரித்தால் 'கடற்' என்று ஓரசை நிற்கும், அது ஈற்றில் தவிர வேறெங்கும் ஆகாது. 'கடலில் கொள்ளையர்' என்றால் மா முன் நேர், அதுவும் போச்சு. 'கொள்ளையர்' என்று மட்டும் போடுங்கள், அழகான கூவிளம். கடல்தான் வரிக்கு வரி இருக்கிறதே, தனியாகச் சொல்லவேண்டியதில்லை. முழுச்சொல்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால் அகவலுக்கு (ஆசிரியப்பாவுக்கு) போகவேண்டும், அங்கே புளிமாங்கனிக்கு இடமுண்டு.

வாசல்திண்ணை:
பாஷாவின் பெயரை விட்டுவிட்டீர்களே. மூலத்தின் எழுத்துக்கூட்டலை அப்படியே தமிழில் இறக்கினால் 'செய்து' என்று வரும். 'செய்து எழுந்தான்', 'செய்து சினந்தான்' என்று எழுதிப்பாருங்கள், என்னத்தைச் செய்துவிட்டு எழுந்தான் என்று வாசகர் கேட்பார். நம்மூர் முஸ்லிம் பெயர் வழக்கிலேயே 'செய்யது' இருக்கிறது, அதே சொல்தான். கூவிளமாகவும் அமையும்.

குல்னாரின் பெயர் பாரசீகத்தில் மாதுளம்பூ. அதை மொழிபெயர்க்காமல் விடுவது நல்லது, ஆனால் முன்னுரையில் ஒரு வரி சொல்லலாம். மெடோராவுக்கு கையெழுத்துப் படியில் முதலில் இருந்த பெயர் பிரான்செஸ்கா. மூன்று காண்டத்துக்கும் முகப்பில் தாந்தேயின் நரகக் காண்டம் ஐந்தாம் பாடலிலிருந்து, காதலால் நரகம் சேர்ந்த பிரான்செஸ்கா பேசும் பகுதியிலிருந்து, வரி எடுத்து வைத்திருக்கிறார். பெயர் மாறினாலும் அந்த நிழல் போகவில்லை. முகப்பு வரிகளை வெட்டிவிட்டு மொழிபெயர்ப்பவர்கள் உண்டு. வெட்டாதீர்கள். இந்தக் காதல் கரை சேராது என்று முதல் பக்கத்திலேயே அவை சொல்லிவிடுகின்றன.

மூலப்பாடத்துக்கு எர்னஸ்ட் ஹார்ட்லி கோல்ரிட்ஜ் பதிப்பின் மூன்றாம் தொகுதி போதும், காப்புரிமை எப்போதோ முடிந்தது. ஜெரோம் மெக்கானின் ஆக்ஸ்ஃபோர்ட் பதிப்பிலும் மூன்றாம் தொகுதிதான், பாடபேதம் பார்க்க அது. பைரனின் வரிகள் யாருக்கும் பொது, மெக்கானின் குறிப்புகள் அப்படியல்ல. அவற்றை வரிக்கு வரி தமிழாக்கி அடிக்குறிப்பாகப் போட்டால் சிக்கல் வரும்.

கூர்நுனி:
இவ்வளவு பாடுபட்டு வெண்டளையில் எழுதினால் யார் படிப்பார்கள் என்று ஒரு கேள்வி இருக்கிறதே. இந்தப் பாட்டு வெளிவந்தது 1814 பிப்ரவரி 1. அன்றைக்கே பத்தாயிரம் படி போனது என்று பதிப்பாளர் ஜான் மர்ரி ஆச்சரியப்பட்டு எழுதினார். பத்தாயிரம் பேர் யாப்பு ருசிக்காகவா வாங்கினார்கள்? கதை ஓடியது, அதனால் வாங்கினார்கள். டிசம்பர் இரண்டாம் பாதியில் இரண்டே வாரத்துக்குள் எழுதி முடித்த பாட்டு இது. அந்த ஓட்டம்தான் இதன் உயிர். தமிழ் வாசகருக்கு ஓட்டம் வேண்டுமானால் உரைநடையே வழி.

பவளமல்லி:
ஓட்டம் ஓட்டம் என்கிறீர்கள், நாவலாசிரியை ஜேன் ஆஸ்டின் அதே ஆண்டு மார்ச்சில் அக்காவுக்கு எழுதியதைப் பாருங்கள். கோர்சேர் படித்தேன், உள்பாவாடையைத் தைத்தேன், வேறு வேலையில்லை என்று ஒரே மூச்சில் முடித்துவிட்டார். எல்லாரும் மயங்கவில்லை.

என் கருத்து: உரைநடை செய்யலாம், ஆனால் உரைநடையில் 'நீ, நீர், நீங்கள்' சிக்கல் வரும். செய்யுளில் தலைவி தலைவனை 'நீ' என்பது நமக்கு இரண்டாயிரம் வருஷப் பழக்கம், காதை உறுத்தாது. உரைநடையில் மெடோரா 'நீ' என்றால் இன்றைய பெண், 'நீங்கள்' என்றால் சீரியல் மனைவி. குல்னார் நிலை இன்னும் மோசம். சிறைக்கு முதலில் வரும்போது அவள் பாஷாவின் அடிமை, இவன் சாகப்போகிற கைதி. யார் யாருக்கு மரியாதை தரவேண்டும்? மூன்றாம் காண்டத்தில் அவள் கத்தியை நீட்டும்போது அந்த உறவே தலைகீழாகியிருக்கும். செய்யுளில் எல்லாரும் 'நீ'. மாற்றத்தைச் சொல் காட்டவேண்டாம், செயல் காட்டும்.

மரக்கலம்:
சரி, செய்யுள் என்று வைத்துக்கொள்வோம். சறுக்கும் இடங்கள்?

வாசல்திண்ணை:
முதல் இடம் உப்பு. தர்வேஷ் வேடத்தில் வந்தவனுக்குச் செய்யது விருந்து வைக்கிறான். எதையும் தொடமாட்டேன் என்கிறான் கான்ராட், குறிப்பாக உப்பை. பைரனே குறிப்பு எழுதியிருக்கிறார்: ஒருவனோடு ரொட்டி பிட்டு உப்பு தொட்டுவிட்டால், அவன் எதிரியே ஆனாலும் அந்தக் கணம் முதல் அவன் உயிர் புனிதம். தமிழ் வாசகருக்கு உடனே 'உப்பிட்டவரை உள்ளளவும் நினை' ஞாபகம் வரும். வரட்டும், ஆனால் பழமொழியை அப்படியே உள்ளே வைத்துவிடாதீர்கள். நம்முடையது நன்றியைப் பற்றியது, உண்டவன்மேல் விழும் கடன். அங்கே இருப்பது இருவரையும் கட்டும் அடைக்கலம். கான்ராட் உப்பைத் தொட்டால் செய்யதைத் தாக்கமுடியாது. அதனால்தான் தொடவில்லை. கொள்ளைக்காரன் என்றாலும் அந்த ஒரு விதியை மீறாமல் சுற்றிப்போகிறான். அவன் நேர்மையின் அளவு எவ்வளவு என்பது அந்த ஒரு சிட்டிகையில் இருக்கிறது.

இதற்கு அச்சாணி முதல் காண்டத்தில் இருக்கிறது. கான்ராட் மது தொடுவதில்லை, முரட்டு ரொட்டியும் தோட்டத்துக் கிழங்கும் போதும் அவனுக்கு என்று ஒரு பத்தி. அலுப்பாக இருக்கிறதே என்று அதைச் சுருக்கிவிட்டால், இரண்டாம் காண்டத்தில் 'என் மடத்து விதி அனுமதிக்காது' என்று அவன் சொல்லும் பொய் எடுபடாது. பழகிய விரதத்தையே வேடமாகப் போட்டுக்கொள்கிறான் என்பதுதான் அங்கே சாமர்த்தியம்.

இரண்டாவது, நிலப்படம். செய்யதின் கப்பல்கள் நிற்பது கொரோன் வளைகுடாவில், இன்றைய கொரோனி. அது கிரேக்கத்தின் தென்தீபகற்பமான பெலபொனீசின் தென்மேற்கு மூலை, ஏஜியன் கடலிலேயே இல்லை. தர்வேஷ் தான் பிடிபட்டதாகச் சொல்லும் வழியோ ஸ்கலநோவாவிலிருந்து கியோஸ் தீவுக்கு, அது எதிர்க்கரை. ஏஜியன் தீவிலிருந்து கொரோனுக்கு வரவேண்டுமானால் மலேயா முனையையும் மாத்தபான் முனையையும் சுற்றவேண்டும். ஒரு ராத்திரியில் நடக்கிற காரியமா? பைரனுக்கே உறுத்தியிருக்கிறது. காலம் குறைவாகத் தோன்றலாம், ஆனால் தீவுகள் எல்லாம் கரைக்குச் சில மணி நேரத்தில் எட்டுபவை, காற்றை நான் கண்டபடியே வாசகர் எடுத்துக்கொள்ளவேண்டும் என்று ஒரு குறிப்பில் கேட்டுக்கொள்கிறார். ஆகவே வரைபடம் போட்டுப் புத்தகத்தில் சேர்க்க நினைத்தால் வேண்டாம். ஊர்ப்பெயரை மட்டும் அப்படியே வையுங்கள்.

தளைதட்டி:
ஹா, காற்றையும் யாப்புக்குள் கொண்டுவந்துவிட்டார்.

மரக்கலம்:
தண்டனைக் காட்சி? அகராதியில் பார்த்தால் சுற்றிவளைத்து நாலு சொல் தருகிறது.

வாசல்திண்ணை:
அகராதி எதற்கு? கழுவேற்றம். நாளை மாலைச் சூரியன் சாயும்போது கழுமரத்தின் வேதனை தொடங்கும் என்பதுதான் அங்கே வரி. அதற்குச் சற்று முன்னால் மருத்துவன் ஒருவனை அனுப்புகிறான் செய்யது. இரக்கத்தால் அல்ல. மிச்சமிருக்கிற உயிர் எவ்வளவு வலி தாங்கும் என்று கணக்குப் பார்த்துவர. 'வைத்தியன்' என்று போட்டால் கனிவு ஒட்டிக்கொள்ளும். முதல் சொல்லிலேயே 'இரக்கமன்று' என்பதை வைத்துவிட்டுப் பிறகு அவனை உள்ளே விடுங்கள்.

பவளமல்லி:
எல்லாரும் ஓரத்திலேயே சுற்றுகிறீர்கள். மையத்துக்கு வருகிறேன்.

நான்காம் நாள் இரவு. புயல். கான்ராட் விலங்கிட்ட கையை மின்னலுக்கு நீட்டுகிறான், இடிகூட அவனைச் சீந்தவில்லை. குல்னார் கத்தியோடு வருகிறாள். தூங்குகிறவனைக் குத்தமாட்டேன் என்று மறுக்கிறான் அவன். அவள் போகிறாள், திரும்பி வருகிறாள். கையில் கத்தி இல்லை, தீங்கின் அடையாளமும் இல்லை. செய்யவில்லை போலிருக்கிறது என்று அவன் மூச்சு விடும்போது நெற்றியைப் பார்க்கிறான். விரைந்த கை அவளறியாமல் விட்டுச்சென்ற சின்னஞ்சிறு புள்ளி. ரத்தம்.

போர்க்களத்தில் ரத்தத்தில் குளித்தவன், தன் சொந்தச் சாவுக்கு நடுங்காதவன், அந்த ஒரு புள்ளியைக் கண்டு உறைகிறான். அவள் அழகெல்லாம் அந்தக் கீற்றில் போய்விட்டது என்கிறது பாட்டு.

இப்போது தமிழில் எழுதுங்கள். பெண்ணின் நெற்றி. சிவப்பாகச் சிறிய வட்டம். என்ன சொல் வரும் கைக்கு? பொட்டு! முடிந்தது கதை. பைரன் திகிலோடு காட்டியது நம் கண்ணுக்கு மங்கலமாகிவிடும். 'நெற்றியில் ஒரு செம்பொட்டு' என்று எழுதினால் அலங்கரித்துக்கொண்டு வந்திருக்கிறாள் என்றுதான் படிப்பார்கள். திலகம், சிந்தூரம், குங்குமம் எதுவும் அந்தப் பக்கத்திலேயே வரக்கூடாது. 'புள்ளி' ஓரளவு பரவாயில்லை. 'கறை', 'திட்டு' இரண்டும்தான் பத்திரம்.

கூர்நுனி:
மாறாக யோசியுங்கள். கட்டியவனைக் கொன்ற கணத்தில் அவள் நெற்றியில் பொட்டு ஏறுகிறது. எவ்வளவு பெரிய முரண். தமிழில் மட்டுமே கிடைக்கிற லாபம் இது, ஏன் விடவேண்டும்?

பவளமல்லி:
கவர்ச்சியாகத்தான் இருக்கிறது, ஆனால் பொய். அவள் மனைவி என்ற உணர்வோடு இருந்தவளே இல்லை. இரண்டாம் காண்டத்துச் சிறைக் காட்சியில் தெளிவாகச் சொல்கிறாள்: காதல் குடியிருப்பது சுதந்திரமானவர்களிடம், நான் அடிமை. அவள் அறுத்தது தாலியை அல்ல, சங்கிலியை. பொட்டைக் கொண்டுவந்தால் அவளை மறுபடியும் பத்தினிக் கணக்குக்குள் இழுத்துப் போடுகிறீர்கள், 'கணவனைக் கொன்றவள்' என்ற பட்டத்தோடு. கான்ராட் செய்வதும் கிட்டத்தட்ட அதுதான். தன்னைக் காப்பாற்றியவளைக் கண்டு அவன் அருவருக்கிறான். அந்த அருவருப்பைப் பாட்டு முழுதும் ஏற்றுக்கொள்கிறதா என்பது வேறு கேள்வி. தப்பிவந்த கப்பலில் அவன் அவளை முத்தமிடுகிறானே. அந்த முத்தத்தை, வாக்குத் தவறாமையிடமிருந்து பலவீனம் திருடிய முதலும் கடைசியுமான முத்தம் என்கிறார் பைரன். அருவருப்பு, நன்றி, ஆசை மூன்றும் ஒரே ஈரடியில்.

தளைதட்டி:
பவளமல்லி சொன்னதை ஏற்று ஒரு கண்ணி:

நெற்றியிலே சின்னக் கறையொன்று நீவியகை
உற்ற தறியாள் உதிரமது - குற்றத்தின்

அடுத்த கண்ணி 'அச்சாரம்' என்று தொடங்கும். 'குற்றத்தின் சிறிய, ஆனால் உறுதியான ஈடு' என்கிற தொடருக்கு அச்சாரம் கச்சிதம். வியாபாரச் சொல், கொடுத்தபின் பின்வாங்கமுடியாத சொல்.

வாசல்திண்ணை:
கண்ணி நன்று, ஆனால் ஒன்று. மூலத்தில் அந்த நான்கு வரியில் 'ரத்தம்' என்பது கடைசிச் சொல். புள்ளி என்கிறார், நிறம் என்கிறார், ஈடு என்கிறார், பெயரை மட்டும் சொல்லாமல் இழுத்து இழுத்து இயைபில் கொண்டுபோய் அறைகிறார். நீங்கள் இரண்டாம் அடியிலேயே 'உதிரமது' என்று போட்டுடைத்துவிட்டீர்கள்.

தளைதட்டி:
உண்மை. உதிரத்தைத் தள்ளி, அச்சாரத்தை முன்னே கொண்டுவந்து, அடுத்த கண்ணியின் தனிச்சொல்லாக 'ரத்தம்' வைக்கலாம். கலிவெண்பாவில் வரியின் கடைசிச் சொல் என்று அடிக்கத் தோதான இடம் தனிச்சொல்தான், அதற்கு முன்னால் காது ஒரு கணம் நிற்கிறது. எதுகை 'த்' என்று அமைய முழுக் கண்ணியையும் திருப்பிக் கட்டவேண்டும். அரைநாள் வேலை. இந்த மாதிரி இடம் மொத்தப் பாட்டில் இருபது இருக்கலாம், மற்ற இடங்களில் இவ்வளவு மெனக்கெட வேண்டாம்.

இசைக்கூடம்:
ஒரு எச்சரிக்கை. இசை, நாட்டிய வடிவங்களைப் பார்த்துவிட்டுக் கதையை ஞாபகத்திலிருந்து எழுதாதீர்கள். வெர்தியின் 'இல் கோர்சாரோ' 1848 அக்டோபரில் திரியெஸ்தேயில் அரங்கேறியது, பாட்டுநூல் பியாவே. அதில் மெடோரா நஞ்சு குடிக்கிறாள், கான்ராட் திரும்பிவரும்வரை உயிர் இருக்கிறது, மூவரும் பாட ஒரு முடிவுக் காட்சி, பிறகு அவன் கடலில் குதிக்கிறான். ஓபராவுக்கு மூன்று குரலும் ஒரே மேடையில் வேண்டும், அதனால் அப்படி. 1856 பாரிஸ் பாலேயில் அடிமைச் சந்தை, துரோகி மாலுமி எல்லாம் புகுந்து, கடைசியில் காதலர் இருவரும் கரையேறிவிடுகிறார்கள். பெயர் மட்டும்தான் பைரனுடையது. பெர்லியோஸின் முன்னிசையோ முதலில் நீஸ் நகரத்துக் கோபுரம் ஒன்றின் பெயரில் இருந்தது, 'கோர்சேர்' பிறகு ஒட்டிய பெயர்.

பைரனில் மெடோரா எப்படிச் செத்தாள் என்றே சொல்லப்படவில்லை. நஞ்சும் இல்லை, கத்தியும் இல்லை.

மரக்கலம்:
அவளுடைய பாட்டை என்ன செய்வது? முதல் காண்டம் பதினான்காம் பகுதி, ஈரடி நின்று நாலடியாகிறதே.

தளைதட்டி:
நாலு பத்தி, ஒன்றுவிட்டு ஒன்று இயைபு. அங்கே பா மாறியே ஆகவேண்டும், இல்லாவிட்டால் அவள் பாடுகிறாள் என்பதே தெரியாது. அறுசீர் விருத்தம் நாலு போதும். எட்டுச்சீருக்குப் போகாதீர்கள், கல்லறையில் எரியும் விளக்கு பற்றிய மெலிந்த பாட்டு அது, கனம் தாங்காது.

அதேபோல மூன்றாம் காண்டத்துத் தொடக்கம், மொரேயா (பெலபொனீசின் இன்னொரு பெயர்) மலைகள்மேல் சூரியன் இறங்கும் நீண்ட வர்ணனை. கதைக்கு ஒட்டாமல் நிற்கிறதே என்று தோன்றினால் சரியாகத்தான் தோன்றுகிறது. 1811-இல் எழுதி வெளியிடாமல் வைத்திருந்த 'மினர்வாவின் சாபம்' பாட்டிலிருந்து தூக்கிவைத்தது. சுருக்கலாமா என்றால், நான் சுருக்கமாட்டேன், ஆனால் கடைசியில் மொழிபெயர்ப்பேன்.

கூர்நுனி:
கடைசி ஈரடி? எல்லாருக்கும் தெரிந்தது அதுதான். பிற்காலத்துக்கு ஒரு கொள்ளையன் பேரை விட்டுப்போனான், ஒரு நற்குணமும் ஆயிரம் குற்றமும் சேர்ந்த பேர். என் முயற்சி:

ஆயிரம் குற்றம் அறமொன்று தாங்கியபேர்
போயினான் விட்டுப் புவிக்கு.

தளைதட்டி:
உரைநடைக்காரர் வெண்பா எழுதிவிட்டார்! தளை சுத்தம். கலிவெண்பா முடியவேண்டியதும் இப்படித்தான், கடைசி அடி மூன்று சீர். இங்கே மட்டும் வாசல் சாத்திக்கொள்வது நல்லது.

பவளமல்லி:
வரிசை தலைகீழ். பைரன் நற்குணத்தை முதலில் சொல்லி, குற்றத்தில் முடிக்கிறார். நீங்கள் ஆயிரத்தை முன்னே தள்ளியதால் அறம் கடைசியில் நின்று அவனை மன்னித்துவிடுகிறது. 'கொள்ளையன்' என்ற சொல்லும் விழுந்துவிட்டது.

தளைதட்டி:
அப்படியானால்:

கொள்ளையன் பேர்விட்டான் கூடவே நல்லதொன்று
கள்ளமோ ஆயிரம் காண்.

வரிசை சரி, சொல்லும் வந்துவிட்டது. 'காண்' அசைநிலை, தூக்கி எறிய முடியாத அசைநிலை. 'கள்ளம்' குற்றத்தைவிடச் சிறியது என்று யாராவது சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.

வாசல்திண்ணை:
அந்த 'ஒரு நற்குணம்' எது என்று மொழிபெயர்ப்பவர் முடிவு செய்துகொள்ளவேண்டும். மெடோராவிடம் காட்டிய மாறாத அன்பு என்று பொதுவாகப் படிக்கிறார்கள். முதல் காண்டத்திலேயே அந்த அன்பைத் தனியே எடுத்துப் புகழ்ந்திருப்பதால் அது பொருந்தும். அந்தப்புரத்துப் பெண்களைக் காத்தது என்பாரும் உண்டு. 'அறம்' என்றால் இரண்டாவது பொருள் தூக்கும், 'நல்லது' என்றால் இரண்டுக்கும் இடம் கிடைக்கும். எனக்குத் தளைதட்டியின் சொல் பிடிக்கிறது.

ஒரு சேர்க்கை. புத்தகத்தின் பின்னால் ஒட்டியிருக்கும் 'அழும் பெண்ணுக்கு' என்ற எட்டு வரியையும் மொழிபெயர்த்துவிடுங்கள். 1812-இல் பெயரில்லாமல் செய்தித்தாளில் வந்தது, அரசப் பிரதிநிதியாக இருந்த தந்தையின் செயலுக்காக அழுத இளவரசி சார்லட்டைப் பற்றியது. கோர்சேரோடு பைரன் தன் பெயரில் சேர்த்ததும் டோரிக் கட்சிப் பத்திரிகைகள் வாரக்கணக்கில் வறுத்தெடுத்தன. மர்ரி பயந்து சில படிகளில் அதை எடுத்துவிட்டார், பிறகு பைரன் வற்புறுத்த மறுபடி சேர்த்தார். அதனால்தான் பழைய படிகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை.

மரக்கலம்:
முடிவு: கலிவெண்பா, மெடோரா பாட்டுக்கு மட்டும் விருத்தம், பொட்டு கிடையாது. வரிசையாகப் போகாமல் கடினமான காட்சியை முதலில் செய்துபார்க்கிறேன். கோபுரத்தில் வெளிச்சம் இல்லை. கான்ராட் கதவைத் தட்டுகிறான், திறந்த முகம் அவளுடையதல்ல, யாரும் பேசவில்லை. கேள்வி கேட்காமல் விளக்கைப் பறிக்கிறான், அது கையைவிட்டு விழுந்து அணைகிறது. மறுபடி ஏற்றக் காத்திராமல் உள்ளே போய், அவள் கையில் பூச்செண்டு வைக்கப்பட்டிருப்பதைப் பார்க்கிறான்.

பற்றினான் தீபம் பதிலதுவே சொல்லுமென்று
அற்றது கைவிட்டே அணைந்து.

இப்போதைக்குக் குறளாகவே இருக்கிறது, கண்ணியாக்கவேண்டும். தளை பாருங்கள்.

பவளமல்லி:
பூச்செண்டுக்கு அடிக்குறிப்பு போடுங்கள். லெவன்ட் (கிழக்கு மத்தியதரைக்கடல்) பகுதியில் இறந்தவர்மேல் பூத் தூவுவதும், இளம் வயதில் போனவர் கையில் செண்டு வைப்பதும் வழக்கம் என்று பைரனே குறிப்பு தந்திருக்கிறார். அது இல்லாவிட்டால் அவள் பூவோடு அவனுக்காகக் காத்திருந்தாள் என்று ஒரு கணம் படிப்பார்கள். ஒருவேளை அந்த ஒரு கணம் அவனுக்கும் இருந்திருக்கலாம், ஆகவே குறிப்பைப் பக்கத்தின் அடியில் போடாமல் நூலின் பின்னால் போடுங்கள்.

தளைதட்டி:
முதலடி நன்று. இரண்டாமடியில் 'கைவிட்டே' தேமாங்காய், அடுத்து 'அணைந்து' நிரையில் தொடங்குகிறது. காய் முன் நிரை, கலித்தளை. ஏகாரத்தைக் கழற்றிப் புணர்த்துங்கள்: 'அற்றது கைவிட் டணைந்து'. விளம் முன் நேர், மா முன் நிரை, ஈறு பிறப்பு. தளை நின்றுவிட்டது, விளக்கும் சீக்கிரம் விழுகிறது.